சீ.என்.சீ. லேத் ரரெற்றில் கூலன்ற் அடைப்பு: ரரெற்றைக் கழற்ற முதல் செய்யவேண்டியவை

யாழ்ப்பாணத்தில் ஒரு சிறிய லேத் வேலைத்தலத்தில் வேலை செய்யும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவர்களிடம் இருப்பது வெளிநாட்டில் பாவித்து இறக்குமதியான சீ.என்.சீ. லேத், அதாவது கணினிக் கட்டளையில் ஓடும் கடைசல் இயந்திரம். அதில் பன்னிரண்டு ஸ்ரேசன் ரரெற்: வெட்டும் ரூல்களைப் பன்னிரண்டு இடங்களில் தாங்கித் திரும்பும் வட்டும் அதன் உடலும். மீன்பிடிப் படகுகளுக்குத் துருப்பிடியா உருக்கில் புரொப்பெல்லர் தண்டும், நீர்ப்பம்பிகளுக்குத் தண்டும் புஷ்சும் கடைகிறார்கள். கொஞ்ச நாளாய், வெட்டும் இடத்தைக் குளிர்விக்கும் கூலன்றின் ஓட்டம் மெலிந்துகொண்டே வந்து இப்போது சில ஸ்ரேசன்களில் சொட்டாக விழுகிறது. பம்ப் ஓடும் சத்தம் கேட்கிறது. நொசிலைக் கழற்றிக் கொம்பிரசர் காற்றால் ஊதியும் ஒரு நாளைக்கு மேல் தாங்கவில்லை. முதலாளி ரரெற்றைக் கழற்றிப் பார்க்கச் சொல்கிறார். கழற்றலாமா என்பதுதான் கேள்வி.

தம்பி, இப்போதைக்குக் கழற்ற வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால், ரரெற் வட்டைக் கழற்றாமலே தீர்க்கக்கூடிய அடைப்பாகத்தான் தெரிகிறது. வட்டின் பின்னால் பல்லோடு பல் பொருந்தி இறுகும் இணைப்பு இருக்கிறது. ஒவ்வொரு ரூலும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வந்து நிற்பது அந்தப் பொருத்தத்தால்தான். வட்டைக் கழற்றிப் பூட்டினால் டயல் கேஜ் வைத்து மட்டம் பார்க்கவேண்டும், துளையிடும் ஹோல்டர்களின் மையம் ஸ்பிண்டிலின் மையத்தோடு சேருகிறதா என்று திரும்பச் சரிபார்க்கவேண்டும். ஒரு அடைப்புக்காக அந்த வேலைக்குள் இறங்கினால், பேந்து தண்டு கூம்பாய் வருகிறது, துளை பெருக்கிறது என்று வேறு வழக்குகள் தொடங்கும்.

முதலில் ஒரு அவசர விசயம். அடைப்பைத் தீர்க்கும் வரைக்கும், வந்து வந்து நிற்கும் கூலன்றோடு கார்பைட் ரிப்பை (ரூலின் வெட்டும் முனையை) ஓட்டாதேங்கோ. சிவக்கச் சூடேறிய விளிம்பில் திடீரென்று குளிர் பட்டு, திரும்பச் சூடேறி, திரும்பக் குளிர்ந்தால் விளிம்பில் நுண்ணிய வெடிப்புகள் விழும். துருப்பிடியா உருக்கு வெப்பத்தைக் கடத்துவதில் மந்தமானது. பொருளுக்குள் போகவேண்டிய சூடும் ரிப்பிலேயே தங்கிவிடும். அவசர ஓடர் இருந்தால் வெட்டு வேகத்தைக் குறைத்து, கூலன்றை முற்றாக நிறுத்தி, வெளிப்புறக் கடைச்சலை மட்டும் உலர்வாகச் செய்யுங்கோ. ஆழத் துளையும் உட்புறப் போரிங்கும் கூலன்ற் சரிவந்த பிறகு பார்க்கலாம்.

இனி, கூலன்ற் போகும் வழியை ஒருக்கா மனதில் வரைந்துகொள்ளுங்கோ. தாங்கியில் இருந்து வடி (வடிகட்டி), வடியில் இருந்து பம்ப். பம்பில் இருந்து ஓஸ் குழாய் மேலேறி, அசையும் சங்கிலித் தட்டுக்குள்ளால் போய் ரரெற்றின் அசையாத உடலைச் சேரும். அந்த உடலுக்குள் துளைத்த வழியால் போய், வட்டின் பின்முகத்தை அழுத்திக்கொண்டு நிற்கும் சிறிய பிளஞ்சர் ஒன்றுக்கு வரும். பித்தளையிலோ கடினமான பிளாஸ்ரிக்கிலோ செய்து, பின்னால் ஸ்பிரிங் வைத்திருப்பார்கள். வட்டில் ஒவ்வொரு ஸ்ரேசனுக்கும் ஒவ்வொரு துளை. எந்த ரூல் வெட்டும் நிலைக்கு வருகிறதோ அதன் துளை மட்டும் பிளஞ்சருக்கு நேரே வரும். அதனால்தான் வேலை செய்யும் ரூலுக்கு மட்டும் கூலன்ற் போகிறது. வட்டின் துளையில் இருந்து, ரூலைப் பிடித்திருக்கும் ரூல் புளொக், அதிலிருந்து உருண்டை நொசில் அல்லது உட்புறம் கடையும் போரிங் பாரின் உட்துளை. இயந்திரத்துக்கு இயந்திரம் பிளஞ்சரின் இடமும் வடிவமும் மாறும், ஆனால் ஒழுங்கு பெரும்பாலும் இதுதான். உங்கள் இயந்திரத்தின் கைநூலில் ரரெற்றை வெட்டி உள்ளமைப்பைக் காட்டும் படம் இருந்தால் அந்தப் பக்கத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கோ.

இந்த வழியை மனதில் வைத்து இரண்டு கேள்விகளுக்கு விடை தேடுங்கோ. எல்லா ஸ்ரேசனிலும் மெலிவா, சிலதில் மட்டுமா? ரரெற்றில் வரவேண்டிய தண்ணீர் வேறு எங்கேயாவது விழுகிறதா?

கதவைச் சாத்தி, ரரெற்றைச் சக்கில் (கடையும் பொருளைப் பிடிக்கும் பகுதியில்) இருந்து நல்ல தூரம் பின்னுக்கு எடுத்து, ஒவ்வொரு ஸ்ரேசனாகத் திருப்பி, கூலன்றைத் திறக்கும் எம்08 கட்டளையைக் கொடுத்துப் பாருங்கோ. பன்னிரண்டையும் பார்க்கவேண்டும். ஒரு தாளில் ஸ்ரேசன் இலக்கம் போட்டு நல்லம், மெலிவு, இல்லை என்று எழுதுங்கோ. ஒன்றிரண்டு மட்டும் அடைத்திருந்தால் கோளாறு வட்டின் அந்தத் துளையில், புளொக்கில் அல்லது நொசிலில். எல்லாமே மெலிவென்றால் பிளஞ்சருக்கும் தாங்கிக்கும் இடையில். எல்லாம் மெலிவாகவும் ஒன்றிரண்டு முற்றாக இல்லாமலும் இருந்தால் இரண்டு இடத்திலும் வேலை இருக்கிறது. உங்கள் விபரத்தைப் பார்க்க அப்படித்தான் தோன்றுகிறது.

அதே நேரம் வட்டுக்கும் உடலுக்கும் இடையில் உள்ள இடுக்கைக் கவனியுங்கோ. நொசிலில் சொட்டாக வர, வட்டின் பின்பக்கத்தால் கூலன்ற் கொட்டினால், வழி அடைபடவில்லை. பிளஞ்சர் உள்ளே இறுகி நிற்கிறது, அல்லது அதன் முகமும் ஓ-றிங்கும் தேய்ந்துவிட்டன, அல்லது ரரெற் முழுதாய்ப் பூட்டுப்படாமல் துளை நேரே வரவில்லை. எவ்வளவு ஊதினாலும் இது சரிவராது. ஆட்கள் நாள்கணக்காய் நொசிலைக் குத்திக்கொண்டிருப்பது பெரும்பாலும் இந்த இடுக்கை ஒருக்கா குனிந்து பார்க்காததால்தான்.

அடுத்தது வாளிச் சோதனை. இதைத் தவறவிடாதேங்கோ. இயந்திரத்தை நிறுத்தி, ஓஸ் குழாய் ரரெற் உடலில் சேரும் பொருத்தைக் கழற்றி, குழாயின் நுனியை ஒரு பத்து லீற்றர் வாளிக்குள் பிடித்துக் கட்டுங்கோ. பம்பை மட்டும் ஓடவிட்டு வாளி நிறைய எத்தனை நொடி என்று கைத்தொலைபேசியில் பாருங்கோ. 20 நொடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 30 லீற்றர். அந்த அளவில் வந்தால் தாங்கி, வடி, பம்ப், ஓஸ் நாலும் குற்றமற்றவை. கோளாறு ரரெற் பக்கம். வாளியே நிறைய மாட்டேன் என்றால் ரரெற்றைத் தொடவே வேண்டாம், கீழே இறங்குங்கோ. பம்பின் தகட்டில் அதன் ஓட்ட அளவு குத்தியிருக்கும். தகட்டில் இருப்பது ஆகக்கூடிய அளவு. மேலே ஏற்றிக் குழாயால் வரும்போது அதைவிடக் குறைவாகத்தான் வரும். கிடைக்கும் நொடிக் கணக்கை எல்லாம் சரியாக ஓடும் ஒரு நாளிலும் எடுத்துத் தாங்கி மூடியில் பெயின்ற் பேனையால் எழுதிவைத்தால், அடுத்தமுறை ஒப்பிட ஒரு அளவு கையில் இருக்கும்.

வாளி மெதுவாய் நிறைந்தால் பார்க்கவேண்டியவை சின்ன விசயங்கள். தாங்கியின் மட்டம் பம்பின் வாய்க்கு மேலே இருக்கிறதா, ஓஸில் உள்ள கை வால்வை யாரும் பாதி மூடிவிட்டார்களா, அசையும் தட்டுக்குள் ஓஸ் மடிந்து கிடக்கிறதா. பிறகு பம்பைத் தூக்கி அடிவாயைப் பாருங்கோ. துருப்பிடியா உருக்கைக் கடையும்போது சீவிவரும் உலோகச் சுருள் அறாமல் நீளமாய் வரும். அது சுற்றிச் சுற்றிப் பம்பின் சிறகில் முடிச்சாகிவிடும். வெறுங்கையால் இழுக்க வேண்டாம், குறட்டால் எடுங்கோ.

பம்ப் மோட்டரின் கம்பிச்சுற்றை அண்மையில் புதிதாய்ச் சுற்றுவித்தீர்களா? அப்படியானால் சுழலும் திசையைக் கட்டாயம் பாருங்கோ. மூன்று பேஸ் மோட்டரில் இரண்டு வயர் இடம் மாறினால் பம்ப் எதிர்ப்பக்கம் சுற்றும். மையவிலக்குப் பம்ப் எதிர்ப்பக்கம் சுற்றினாலும் தண்ணீர் கொஞ்சம் வரத்தான் செய்யும், சத்தமும் வழமைபோல இருக்கும். அதனால் ஒருவரும் பம்பைச் சந்தேகிக்க மாட்டார்கள், பழி ரரெற்றில் விழும். மோட்டரின் தலையில் அம்புக்குறி இருக்கும். விசிறி எந்தப் பக்கம் போகிறது என்று நிறுத்தும்போது பார்த்தால் போதும். ஜெனரேற்றருக்கு மாற்றும்போது பேஸ் ஒழுங்கு மாறினால் ஹைட்ரோலிக் பம்பும் சேர்ந்து எதிராகச் சுற்றும், அப்போது இயந்திரமே அலாரம் போட்டு நிற்கும். கூலன்ற் மட்டும் மெலிந்தால் அந்தப் பம்பின் இணைப்பைத்தான் பார்க்கவேண்டும்.

வாளி சரியாய் நிறைந்தது என்று வைத்துக்கொள்வோம். இப்போது ரரெற் பக்கம்.

கை வைக்க முதல் அவசர நிறுத்தத்தை அமத்தி, பிரதான சுவிச்சை அணைத்துப் பூட்டுப் போட்டு, திறப்பைச் சட்டைப் பையில் வையுங்கோ. ஹைட்ரோலிக் அழுத்தம் கேஜில் பூச்சியத்துக்கு வரும்வரை பொறுங்கோ. ரரெற் திரும்பும் வேகத்துக்குக் கை விலக்க நேரம் கிடைக்காது. உதவிக்கு நிற்கும் பெடியன் நல்லெண்ணத்தில் சுவிச்சைப் போட்டுப் பார்க்கக்கூடும். கண்ணாடி போடுங்கோ. ரிப்களையும் கழற்றி வைத்துவிடுங்கோ, அல்லது தடித்த துணியால் சுற்றுங்கோ.

முதலில் ரூல் புளொக். அடைத்த ஸ்ரேசனின் புளொக்கைக் கழற்றி, அது இருந்த இடத்தில் வட்டின் துளையைப் பாருங்கோ. புளொக்கை மேசைக்குக் கொண்டுபோய் நொசில், மூடித் திருகு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒளியைப் பிடித்துப் பாருங்கோ. இந்த வழிகள் நேராகப் போவதில்லை. இரண்டு பக்கத்தில் இருந்து துளைத்து, நடுவில் செங்கோணத்தில் சந்திக்கவிட்டு, தேவையில்லாத வாயைத் திருகால் அடைத்திருப்பார்கள். சுருள் சிக்குவது அந்த மூலையில்தான். நொசில் பக்கத்தால் காற்றடித்தால் சுருள் மூலைக்குப் போய் ஒளிந்துகொள்ளும், அடுத்த நாள் கூலன்ற் அதை முன்னுக்குத் தள்ளிவரும். நீங்கள் ஊதியது ஒரு நாளைக்கு மட்டும் நின்றதன் காரணம் இதுவாகத்தான் இருக்கும். மூடித் திருகையும் கழற்றி, இரண்டு துளையையும் தனித்தனியே நேராகக் குத்தி எடுக்கவேண்டும். புளொக் மேசையில் இருக்கும்போது துளையைவிட அரை மில்லிமீற்றர் சிறிய நீள டிரில்லைக் கையால் உருட்டிச் சுருளை வெளியே இழுக்கலாம். ரரெற் உடலுக்குள் இதைச் செய்யவேண்டாம். பிளஞ்சர் இருக்கும் குழியில் ஒரு கீறல் விழுந்தால் அங்கே சீல் பிடிக்காது.

ரரெற் உடலுக்குள்ளும் வட்டின் துளைக்குள்ளும் போக எனக்குப் பிடித்த ஆயுதம் பழைய சைக்கிள் பிரேக் கேபிள். யாழ்ப்பாணத்தில் அதற்குப் பஞ்சமில்லை. ஒரு நுனியைக் கால் அங்குலம் பிரித்து இழைகளைக் கொஞ்சம் விரித்தால் வளைவுகளுக்குள் போகும், திருப்பும்போது சுருளைப் பிடித்துக்கொண்டு வரும். இழை உள்ளே முறிந்து விழவில்லை என்று தெரிய, ஒவ்வொரு முறையும் நுனியின் இழைகளை எண்ணிப் பாருங்கோ. பிளஞ்சர் குழிக்குக் கிட்ட வந்தால் கேபிளை விட்டுவிட்டு மென்மையான செப்புக் கம்பியும் நைலோன் தூரிகையும் மட்டும்.

கொம்பிரசர் காற்றைப் பற்றிக் கண்டிப்பாய்ச் சொல்லவேண்டும். ரரெற்றின் பின்பக்கத்திலும் வட்டு இடுக்கிலும் எட்டு பார் காற்றை அடித்தால் கூலன்றும் தூளும் சீலைத் தாண்டி உள்ளே, கியரும் பெயரிங்கும் இருக்கும் பக்கம் போகும். அடைப்பு ஒருநாள் வேலை, அது மாதக்கணக்கு. காற்று அடிப்பதென்றால் ரெகுலேற்றரை இரண்டு பாருக்குக் குறைத்து, கூலன்ற் வழமையாய்ப் போகும் திசையிலேயே, வெளியே வரும் வாயில் துணி பிடித்துக்கொண்டு அடியுங்கோ. கிறீஸ் அடிக்கும் கன்னால் தள்ளுவது என்று ஒரு வழக்கமும் இருக்கிறது. அதன் அழுத்தம் நூற்றுக்கணக்கான பாருக்குப் போகும். மேசையில் இருக்கும் வெறும் புளொக்குக்குச் சரி, சீல் உள்ள ரரெற் உடலுக்கு ஒருபோதும் வேண்டாம்.

காற்றைவிடத் தண்ணீர் நல்லது. தண்ணீர் தூளைச் சுமந்துகொண்டு வரும், காற்று விட்டுவிட்டுப் போகும். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் மருந்தடிக்கும் முதுகுத் தெளிப்பான் இருக்கிறதல்லவா, புதிதாய் ஒன்று வாங்கி இந்த வேலைக்கென்றே வைத்துக்கொள்ளுங்கோ. மருந்தடித்த பழையது வேண்டாம். இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்சம் கூலன்ற் எண்ணெய் கலந்து, நுனியில் பொருத்தமான ரியூப் ஒன்றை இறுக்கிக் கழுவினால் ஓரிரு பார் அழுத்தத்தில் சேறு இளகிக் கரையும். வெளியே வருவதை வெள்ளைத் துணியில் பிடித்துப் பாருங்கோ. என்ன வருகிறது என்பது அடைப்பின் காரணத்தைச் சொல்லும். பளபளக்கும் சுருள் வந்தால் வடி ஓட்டை. கறுப்புப் பசை வந்தால் வார்ப்பிரும்புத் தூளும் வழுக்குதள எண்ணெயும் (இயந்திரத்தின் வழுக்கும் தளங்களுக்கு விடும் எண்ணெய்) சேர்ந்தது. ஜெலிபோலத் தோல் தோலாய் வந்தால் பூஞ்சணம். வெள்ளையாய், விரலில் மெழுகாய் ஒட்டினால் அது சுண்ணாம்புச் சவர்க்காரம். அதைப் பற்றிக் கீழே நிறையச் சொல்லவேண்டும். வெள்ளை நூலாய் வந்தால் பொருத்துகளில் சுற்றிய தெவ்லோன் ரேப் பிய்ந்து வந்தது. ரேப் சுற்றும்போது முதல் இரண்டு புரியையும் விட்டுச் சுற்றினால் அந்தத் தொல்லை இல்லை.

பிளஞ்சரைச் சில இயந்திரங்களில் ரூல் புளொக் கழற்றிய இடத்தால் வெளியே எடுக்கலாம், சிலதில் உடலின் பக்கத்தில் உள்ள சிறிய மூடியைக் கழற்றவேண்டும். மூடியின் பின்னால் ஸ்பிரிங் இருக்கலாம், உள்ளங்கையால் அமத்திக்கொண்டு கடைசித் திருகை எடுங்கோ. பிளஞ்சர் தானாக வெளியே வராமல் இழுத்துத்தான் எடுக்கவேண்டியிருந்தால், கோளாறைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். பசை காய்ந்து அதை உள்ளே ஒட்டவைத்திருக்கிறது. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, முகத்தைத் தட்டையான கண்ணாடியில் வைத்துப் பாருங்கோ. ஆழமான வட்டக் கீறல் இருந்தால் கண்ணாடியில் ஒட்டிய ஆயிரம் நம்பர் உப்புத்தாளில் எட்டு வடிவில் தேய்த்து எடுங்கோ. நிறையத் தேய்ந்திருந்தால் உங்களிடமே லேத் இருக்கிறது. பித்தளையில் அதே அளவில் கடைந்துகொள்ளலாம். உருக்கில் செய்யாதேங்கோ. தேய்வது பிளஞ்சராக இருக்கவேண்டும், வட்டாக இருக்கக்கூடாது.

ஓ-றிங் வாங்கும்போது நைற்றைல் றப்பர் என்று கேட்டு வாங்குங்கோ. தண்ணீர்க் குழாய்க்கு விற்கும் சில கறுப்பு றிங் ஈ.பீ.டீ.எம். வகை. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. எண்ணெய் பட்டால் அது ஊதிப் பெருக்கும், பெருத்தால் பிளஞ்சர் திரும்ப இறுகும். அடுத்த மாதமும் இதே வேலை.

பூட்டும்போது புளொக்குக்கும் வட்டுக்கும் இடையில் உள்ள சிறிய ஓ-றிங்கை மறக்காதேங்கோ. கழுவும்போது சேற்றோடு போய்விடும், ஒருவரும் தேட மாட்டார்கள். போரிங் பார் புளொக்கில் வெளி நொசிலுக்கு ஒரு வழியும் உட்துளைக்கு ஒரு வழியும் இருக்கும். பாவிக்காத வழியைத் திருகால் அடைக்காவிட்டால் ஓட்டம் இரண்டாகப் பிரிந்து இரண்டும் மெலியும். பிறகு பழையபடி பன்னிரண்டு ஸ்ரேசனையும் எம்08 கொடுத்து வரிசையாய்ப் பார்த்து, முன்பு எழுதிய தாளில் பக்கத்து நிரலில் எழுதுங்கோ.

இவ்வளவும் செய்தும் ரரெற் உடலுக்குள் வழி திறக்கவில்லை என்றால், அல்லது ரரெற் கியரின் எண்ணெய்க் கண்ணாடியில் பால்போல வெள்ளை தெரிந்தால், அப்போதுதான் வட்டு கழற்றும் பேச்சு. பால்நிற எண்ணெய் என்றால் கூலன்ற் சீலைத் தாண்டிவிட்டது. ஒரு நாளும் ஓட்டாமல் நிறுத்தி, அந்த வகை இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டிய அனுபவம் உள்ளவரைக் கூப்பிடுங்கோ. முதலாளிக்கும் இதை இப்படியே சொல்லலாம்.

இனி அடிவேர். அடைப்பு ரரெற்றில் தெரிந்தாலும் அது உருவாகும் இடம் தாங்கி. நம்முடைய ஊரில் அதற்குத் தனிக் காரணம் ஒன்று இருக்கிறது: கிணற்றுத் தண்ணீர்.

குடாநாட்டின் அடி சுண்ணாம்புக்கல். மழை அதற்குள்ளால் இறங்கிக் கல்சியத்தைக் கரைத்துக்கொண்டுதான் கிணற்றுக்கு வருகிறது. கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படிவு எல்லார் வீட்டிலும் உண்டு. கரையோரத்திலும் தீவகத்திலும் உப்பும் சேர்ந்துகொள்ளும். தண்ணீரில் கலக்கும் கூலன்ற் எண்ணெயில், எண்ணெயைத் தண்ணீரோடு பிடித்து வைத்திருப்பது சவர்க்காரம் போன்ற பொருட்கள். கல்சியம் அவற்றோடு சேர்ந்து தண்ணீரில் கரையாத மெழுகாய் மாறும். அந்த மெழுகு தூளைப் பிடித்து உருட்டி, பிளஞ்சர் குழியிலும் செங்கோண மூலைகளிலும் போய் உட்காரும். எண்ணெயும் தண்ணீரும் பிரியத் தொடங்கும். உப்பு கூடினால் துருவும் வரும்.

இதில் பலர் கவனிக்காதது, தண்ணீரின் கடினம், அதாவது அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பின் அளவு, நாளுக்கு நாள் கூடிக்கொண்டு போவது. நம்முடைய வெக்கையில் தாங்கியில் இருந்து ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும், கல்சியம் அங்கேயே நிற்கும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கோ. 150 லீற்றர் தாங்கி, கிணற்று நீரின் கடினம் லீற்றருக்கு 400 மில்லிகிராம், நாளுக்கு 10 லீற்றர் நிரப்புகிறீர்கள். 25 வேலைநாளில் 250 லீற்றர், அதோடு வந்த சுண்ணாம்பு 100 கிராம். சுருளோடு கொஞ்சம் வெளியே போகும், மிச்சம் அந்தத் தாங்கிக்குள்தான். முதல் மாதம் ஒன்றும் தெரியாது. மூன்றாம் நாலாம் மாதத்தில் எல்லா ஸ்ரேசனும் ஒன்றாக மெலியத் தொடங்கும். கூலன்றுக்கு லீற்றருக்கு 100 முதல் 200 மில்லிகிராம் வரையான கடினம் வசதி.

ஆகவே நிரப்பும் தண்ணீரை மாற்றுங்கோ. ஐப்பசி முதல் மார்கழி வரை கூரையில் விழும் மழையை, முதல் மழையில் கூரையைக் கழுவவிட்டுப் பிறகு பிடித்து, மூடிய தாங்கியில் சேர்த்தால் செலவில்லாத நல்ல தண்ணீர். மற்றக் காலத்தில் ஆர்.ஓ. தண்ணீர் (உப்பும் சுண்ணாம்பும் வடித்து நீக்கியது) இப்போது எங்கும் விற்கிறார்கள். தாங்கியை முதல்தரம் நிரப்பும்போது முழுக்க ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றினால் சில எண்ணெய்கள் நுரைக்கும். நுரையைப் பம்ப் இழுத்தால் திரும்ப ஓட்டம் மெலியும். அதனால் தொடக்க நிரப்பலுக்கு மூன்று பங்கு ஆர்.ஓ., ஒரு பங்கு நல்ல தண்ணீர்க் கிணறு. அதன்பின் நாளாந்தம் நிரப்புவது முழுக்க ஆர்.ஓ. அல்லது மழைநீர்.

கலக்கும்போது தண்ணீரை முதலில் எடுத்து, கலக்கிக்கொண்டே எண்ணெயை ஊற்றவேண்டும். மாறிச் செய்தால் கட்டிபட்ட தயிராய்ப் போகும், தாங்கிக்குள் அது கரையாது. செறிவை ரிஃப்ரக்ரோமீற்றரில் பாருங்கோ, சின்னக் கருவி, பெரிய விலையில்லை. வாசிப்பை எண்ணெய்ப் பீப்பாயில் போட்டிருக்கும் காரணியால் பெருக்கவேண்டும். பொதுவாக 5 முதல் 8 வீதம், துருப்பிடியா உருக்குக்கு மேல்பக்கம். பீ.எச். தாள் 8.5க்குக் கீழே காட்டினால் கிருமி வளரத் தொடங்கிவிட்டது. பொங்கலுக்கோ நல்லூர்த் தேர் தீர்த்தத்துக்கோ சில நாள் பூட்டிவிட்டுத் திறக்கும்போது வரும் அழுகிய மணமும் அதுதான். மீன்தொட்டிக் காற்றுப் பம்ப் ஒன்றைத் தாங்கிக்குள் ஓடவிட்டு, மேலே மிதக்கும் வழுக்குதள எண்ணெயை அள்ளிவிட்டுப் போனால் அந்த இடைவெளியைக் கூலன்ற் தாங்கும்.

வடிக்கு ஒரு விதிதான்: வடியின் கண், ஆகச் சிறிய நொசில் துளையைவிட நன்றாகச் சிறியதாய் இருக்கவேண்டும். நொசில் மூன்று மில்லிமீற்றர் என்றால் ஒரு மில்லிமீற்றர்க் கண். துருப்பிடியாத வலையில் கூடைபோல அடித்து, பம்பைச் சுற்றி நிறுத்துங்கோ. வலையின் பரப்புப் பெரிதாய் இருந்தால்தான் பம்புக்கு மூச்சு முட்டாது. காந்தம் போடலாமா என்று கேட்பீர்கள். வார்ப்பிரும்புக்கும் சாதாரண உருக்குக்கும் நல்லது. நீங்கள் படகுக்குக் கடையும் 304, 316 வகை துருப்பிடியா உருக்கையும் பித்தளையையும் அது பெரிதாய்ப் பிடிக்காது, அதற்கு வலையும் தடுப்புத் தகடும்தான். சுருள் தாங்கிக்குப் போகும் வழியிலேயே தகடு இரண்டு குறுக்கே வைத்து, கடைசித் தட்டில் பம்ப் இருக்கும்படி செய்யுங்கோ.

இப்போது உங்கள் தாங்கியில் இருக்கும் கரைசலைக் காப்பாற்ற முயலவேண்டாம். தாங்கி கழுவும் மருந்து கூலன்ற் விற்கும் இடங்களில் கிடைக்கும். அதைப் பழைய கரைசலிலேயே ஊற்றி ஒரு வேலைநேரம் சுற்றவிடுங்கோ. ஓஸ் குழாய்க்குள் ஒட்டியிருக்கும் பூஞ்சணமும் மெழுகும் அதில்தான் இளகும். உடுப்புச் சவர்க்காரத் தூள் போடாதேங்கோ, நுரை மாதக்கணக்கில் விடாது. புளிக்காடி விட்டுச் சுண்ணாம்பை எடுக்கலாம் என்பவர்களும் உண்டு. கழற்றிய பித்தளை நொசிலை அதில் ஊறவைத்துக் கழுவலாம், இயந்திரத்துக்குள் ஊற்றினால் வார்ப்பிரும்புத் தளம் அரிக்கும். சுற்றவிட்ட பிறகு வடித்து, அடிச்சேற்றை மண்வெட்டியால் சுரண்டி, ஒன்றிரண்டு வீதக் கரைசலால் ஒருக்கா அலசி, புதியதை ஊற்றுங்கோ.

வடித்த பழையதை வளவில் ஊற்றாதேங்கோ. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளால் அது மண்ணில் வடிபடாமலே அயலவரின் கிணற்றுக்குப் போகும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். மூடிய பீப்பாய்களில் வையுங்கோ. சில நாளில் எண்ணெயின் ஒரு பகுதி மேலே பிரியும். மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி பெற்ற கழிவெண்ணெய் எடுப்பவர்களிடம் முழுவதையும் கொடுங்கோ. சேற்றில் உலோகத் தூள் இருக்கிறது, அதையும் தனி வாளியில் சேர்த்துக் கொடுக்கவேண்டும்.

புதியதை ஊற்றிய பிறகு முதல் கிழமை முழுக்க, ஒவ்வொரு நாள் காலையும் வடிக் கூடையைத் தூக்கிப் பாருங்கோ. கழுவியதில் பாதி இளகி நின்ற பசை அந்த நாட்களில்தான் கழன்று வரும். ஒரு ஸ்ரேசன் திரும்ப மெலிந்தால் பயப்பட வேண்டாம், அந்தப் புளொக்கை மட்டும் எடுத்து மூலைத் திருகைத் திறந்து கழுவிப் பூட்டுங்கோ. எல்லா ஸ்ரேசனும் ஒன்றாய் மெலிந்தால் வாளிச் சோதனை, அதன்பின் பிளஞ்சர். உங்கள் ரரெற்றின் கைநூல் படமும், துணியில் வந்த கசடு எப்படி இருந்தது என்பதும் எழுதி அனுப்பினால், பிளஞ்சர் எந்தப் பக்கத்தால் வரும் என்று பார்த்துச் சொல்கிறேன்.